தெரியாது என்று சொல்லும் உரிமை

1956 நவம்பர் 23 விடியற்காலை, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் ரயில் அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்துக்கு வந்தது. பெருமழையால் ஆற்றில் வெள்ளம். பாலத்தை ஒட்டிய கரை அரித்துப்போயிருந்தது. எஞ்சினும் அதைத் தொடர்ந்து சில பெட்டிகளும் ஆற்றுக்குள் சரிந்தன. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில்தான் ஹைதராபாத் மாநிலத்து மகபூப்நகர் அருகே இன்னொரு பாலத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தார்கள். அப்போது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி கொடுத்த ராஜினாமாவை நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு கொடுத்ததை ஏற்றார். சாஸ்திரி மீது குற்றம் என்று நினைத்து அதை ஏற்கவில்லை, அரசமைப்பு நெறிக்கு ஒரு முன்னுதாரணம் இருக்க வேண்டும் என்றே ஏற்றேன் என்ற கருத்தில் நாடாளுமன்றத்தில் விளக்கமும் கொடுத்தார்.

ஏறக்குறைய எழுபது ஆண்டுகளாக இந்தக் கதையை நாம் சொல்லி வருகிறோம். எங்கே ரயில் கவிழ்ந்தாலும் மறுநாள் பத்திரிகைகளில் சாஸ்திரி வந்துவிடுவார். கதையில் பிழையில்லை, சொல்கிற முறையில்தான் கோளாறு. அவர் நல்லவர், அதனால் விலகினார். இப்போதுள்ளவர்கள் அப்படியில்லை, அதனால் நாற்காலியை விடமாட்டேன் என்கிறார்கள் என்று முடித்துவிடுகிறோம். அரசியல் அறம் என்பது தனிமனிதரின் குணச் சான்றிதழாகச் சுருங்கிப்போகிறது. சாஸ்திரியைச் சுற்றி அடுத்த ஒன்பது ஆண்டுகளில் நடந்த வேறு சில ராஜினாமாக்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் விஷயம் வேறாகத் தெரிகிறது.

முதலில் சாஸ்திரியின் கணக்கையே பார்ப்போம். அவர் விலகியபோது பொதுத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்தன. 1957இல் அலகாபாத்தில் வென்று, போக்குவரத்து, தகவல்தொடர்பு அமைச்சராகத் திரும்பி வந்துவிட்டார். தியாகம் என்று சொல்ல ஐந்து மாதம் கொஞ்சம் குறைவுதான். அவர் இழந்தது எவ்வளவு என்பதில் அந்த ராஜினாமாவின் மதிப்பு இல்லை. மருதையாற்றுக் கரை அரிப்பது டெல்லியில் இருந்த அமைச்சருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. தெரியாததற்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்று அவர் ஒப்புக்கொண்டார். தண்டவாளத்தில் நடந்து பார்க்கும் கேங்மேனோடு பொறுப்பு நின்றுவிடாது, அமைச்சர் வரை ஏறும் என்பதை அந்தச் செயல் பதிவு செய்தது.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. அப்போது ரயில்வே துணை அமைச்சராக இருந்தவர் செங்கல்பட்டு எம்.பி. ஓ.வி. அழகேசன். முதன்முறையாகத் தேர்தலில் நின்ற தி.மு.க., 1957 மேடைகளில் ‘ஆண்டது’, ‘மாண்டது’ என்று எதுகை போட்டு அவரையும் அரியலூரையும் ஒரே முழக்கத்தில் கட்டியது. அவர் தோற்றார். சாஸ்திரியைப் போலவே அழகேசனுக்கும் அந்தப் பாலத்தோடு நேரடிச் சம்பந்தமில்லை. அந்த வகையில் முழக்கம் அநியாயம்தான். ஆனாலும் செத்தது நம் ஆட்கள், துறை உங்களுடையது, பதில் சொல்லுங்கள் என்று கூட்டம் கேட்டதும் நேரு நாடாளுமன்றத்தில் சொன்னதும் அடிப்படையில் ஒரே வாதம்.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 75(3) பிரிவு, அமைச்சரவை கூட்டாக மக்களவைக்குப் பொறுப்பு என்கிறது. தனி ஓர் அமைச்சர் தன் துறையின் தவறுக்காக விலக வேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை. அது பிரிட்டனிலிருந்து வந்த மரபு. 1982இல் அர்ஜென்டினா ஃபாக்லாந்து தீவுகளைப் பிடித்த சில நாட்களில் அங்கே வெளியுறவு அமைச்சர் கேரிங்டன் பிரபு விலகியது இந்த மரபின்படிதான். எழுதப்படாத மரபை ஒவ்வொரு தலைமுறையும் தன் நடத்தையால் புதுப்பித்தாக வேண்டும். புதுப்பிக்காவிட்டால் காலாவதியாகிவிடும்.

சாஸ்திரி கதையைவிட அதிகம் கற்றுத்தருவது அதற்கு ஓராண்டுக்குப் பிறகு வந்த முந்த்ரா விவகாரம். மேடைகளில் யாரும் அதைச் சொல்வதில்லை. ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் 1956இல் நாட்டுடைமையாகி எல்.ஐ.சி. பிறந்தது. மறு ஆண்டு ஜூன் மாதம், ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா வியாபாரியின் ஆறு கம்பெனிகளில் எல்.ஐ.சி. சுமார் ரூ.1.24 கோடிக்குப் பங்குகள் வாங்கியது. கம்பெனிகள் தள்ளாடிக்கொண்டிருந்தன. எல்.ஐ.சி.யின் முதலீட்டுக் குழுவை முன்கூட்டிக் கலந்தாலோசிக்கவில்லை. போட்டது பாலிசிதாரர்களின் பணம். 1957 டிசம்பர் 16 அன்று இதை மக்களவையில் கிளப்பியவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல. காங்கிரஸ் உறுப்பினர், பிரதமரின் மருமகன் ஃபெரோஸ் காந்தி. நிதியமைச்சர் சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி.

பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவைத் தனி நபர் விசாரணை ஆணையமாக அரசு நியமித்தது. அவர் செய்த முதல் காரியம் கதவைத் திறந்துவைத்தது. விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் பம்பாயில் நடந்தது. உள்ளே இடமில்லாத கூட்டத்துக்காக வெளியே ஒலிபெருக்கி வைத்தார்கள். நிதியமைச்சர், நிதித்துறை முதன்மைச் செயலாளர் எச்.எம். பட்டேல், எல்.ஐ.சி. தலைவர் ஜி.ஆர். காமத் எல்லோரும் சாட்சிக் கூண்டுக்கு வந்தார்கள். இந்தக் குறிப்பிட்ட பேரத்துக்குத் தான் ஒப்புதல் தரவில்லை என்பது கிருஷ்ணமாச்சாரியின் நிலை. அப்படியே இருந்தாலும் செயலாளர் செய்ததற்கு அமைச்சரே அரசமைப்பு முறையில் பொறுப்பு, அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் அமைச்சர் ஒளிந்துகொள்ள முடியாது என்பது சாக்ளாவின் முடிவு. 24 நாட்களில் வேலை முடிந்தது. 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி விலகினார். நேருவுக்கு இதில் மனவருத்தம் உண்டு. கிருஷ்ணமாச்சாரியின் பங்கு மிகச் சிறியது என்றே அவர் கருதினார்.

அரியலூர் விவகாரத்தில் அமைச்சர் தானாக முன்வந்தார், பிரதமர் பெருந்தன்மையோடு ஏற்றார். எல்லாம் இரண்டு நல்ல மனிதர்களுக்கு இடையே முடிந்தது. முந்த்ரா விவகாரத்தில் யாரும் தானாக முன்வரவில்லை. பிரதமர் விரும்பவில்லை, அமைச்சர் விரும்பவில்லை. ஆளுங்கட்சி எம்.பி. ஒருவர் கேட்டார், நீதிபதி ஒருவர் திறந்த அரங்கில் விசாரித்தார், அறிக்கை வந்தது, பதவி போனது. இதில் யாரும் மகானாக இருக்கத் தேவைப்படவில்லை. அறம் நிலைக்க வேண்டுமானால் இந்த இரண்டாவது வழிதான் நம்பகமானது என்பது என் முடிவு. சாஸ்திரிகள் அடிக்கடி கிடைப்பதில்லை.

இதற்கு முன்பே, சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர், கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியார், வரி ஏய்ப்பு விசாரணைக்குப் போன பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்ட சர்ச்சையில் 1948இல் விலகியிருக்கிறார். கிருஷ்ணமாச்சாரியும் அரசியலில் முடிந்துபோகவில்லை. 1962இல் அமைச்சரவைக்குத் திரும்பி, அடுத்த ஆண்டே மீண்டும் நிதியமைச்சரானார். செயலாளர் பட்டேல் 1977இல் ஜனதா ஆட்சியில் தானே நிதியமைச்சராக உட்கார்ந்தார். பதவி விலகுவது அந்தக் காலத்தில் அரசியல் மரணம் அல்ல. அதனால்தான் விலக முடிந்தது என்றும் சொல்லலாம்.

இப்போது 1965. சாஸ்திரி பிரதமர். சென்னை மாநிலத்தில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றி எரிகிறது. பிப்ரவரியில் மத்திய அமைச்சர்கள் இருவர் மொழிக் கொள்கையை எதிர்த்து ராஜினாமா கொடுத்தார்கள். ஒருவர் சி. சுப்பிரமணியம், மற்றவர் அதே அழகேசன். ராஜினாமாக்களை ஏற்குமாறு சாஸ்திரி பரிந்துரைக்க, குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் மறுத்துவிட்டார். சாஸ்திரி இறங்கி வந்து, நேரு தந்த வாக்குறுதிகள் காப்பாற்றப்படும் என்று வானொலியில் பேசினார். இது குற்றத்துக்கான விலகல் அல்ல, எதிர்ப்புக்கான விலகல். கையில் இருந்த பதவியைப் பணயம் வைத்து ஒரு கொள்கையை அசைத்தார்கள்.

அதே போராட்டத்தில் நம் மாநிலத்தில் நடந்த துப்பாக்கிச்சூடுகளிலும் கலவரங்களிலும் அரசுக் கணக்கின்படியே 70 பேரளவில் இறந்தார்கள். போலீஸ் துறை யாரிடம் இருந்தது? கக்கனிடம். எளிமைக்கும் நேர்மைக்கும் இன்றுவரை நாம் உதாரணம் காட்டும் கக்கன்தான் அன்று உள்துறை அமைச்சர். பிற்காலத்தில் அரசு மருத்துவமனையில் சாதாரண நோயாளியாகப் படுத்திருந்த அவரைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. பேசவும் வேண்டும். ஆனால் 1965க்கு யார் பதில் சொன்னது என்ற கேள்வியை அந்த மேடைகளில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. மாநில அமைச்சர் யாரும் விலகவில்லை. 1967 தேர்தலில் முதலமைச்சர் பக்தவத்சலமும் கக்கனும் தோற்றார்கள். பதில் என்று ஒன்று இருந்தால் அது மட்டுமே. கக்கனின் கை சுத்தம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் சுத்தமான கையால் நடத்தப்படும் துறையிலும் துப்பாக்கி வெடிக்கும். எளிமையை அறத்தின் முழு அளவுகோலாக வைத்துக்கொண்டதால் இந்த இடத்தைப் பார்க்காமலே கடந்துவிட்டோம்.

அந்த ஆண்டு முடிவதற்குள் இன்னொரு ராஜினாமா. கிருஷ்ணமாச்சாரி மீது மீண்டும் குற்றச்சாட்டுகள். தலைமை நீதிபதியின் கருத்தைக் கேட்கலாம் என்று சாஸ்திரி நினைத்தார். பிரதமர் தன்மேல் நம்பிக்கை இருப்பதாகச் சொல்லிக் குற்றச்சாட்டுகளைத் தள்ளிவிட வேண்டும் என்று கிருஷ்ணமாச்சாரி எதிர்பார்த்தார். ஒத்துப்போகவில்லை; டிசம்பர் 31 அன்று விலகினார். பதினொரு நாள் கழித்து தாஷ்கண்டில் சாஸ்திரி இறந்துபோனார். 1958இல் விசாரணைக்குப் பிறகு விலகியவர், 1965இல் விசாரணையைத் தவிர்க்க விலகினார். ஒரே மனிதர், ஒரே நாற்காலி, ஒரே செயல். ஆனால் இரண்டாவது முறை மக்களுக்கு எதுவும் தெரியவரவில்லை.

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியனை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம். அரசியல் பிழைத்தவனுக்கு அறமே எமன் என்று பேசவேண்டிய இடத்தில் எல்லாம் அவன் அரியணையிலேயே உயிர்விட்டதைத்தான் சொல்வோம். அதற்கு முந்தைய காட்சி அதைவிட முக்கியம். யாரென்று தெரியாத ஒரு பெண்ணை வாயிற்காவலன் உள்ளே விடுகிறான். அரசன் கேட்கிறான், சிலம்பைக் கொண்டுவரச் சொல்கிறான், சபை நடுவே அது உடைகிறது, உள்ளே முத்தா மாணிக்கமா என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். கோவலனைக் கொல்லச் சொன்னபோது செய்யத் தவறிய விசாரணை அப்போதுதான் நடக்கிறது. நூலின் முகப்பில் உள்ள உரைபெறு கட்டுரை இன்னொன்றும் சொல்கிறது. நாட்டில் மழை பொய்த்தபோது கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகியின் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான். பொய் சொன்னவன் ஒரு பொற்கொல்லன். விசாரிக்காமல் ஆணையிட்டவன் அரசன். பலியானது ஆயிரம் பேர். கீழே இருப்பவர்கள் தலையில் பழியை இறக்குவது அவ்வளவு பழைய வழக்கம்.

இந்த மரபு எங்கே தேய்ந்தது என்பதற்கு ஒரு தேதி சொல்ல முடியாது. 1996 ஜனவரியில் ஹவாலா வழக்கில் குற்றப்பத்திரிகை வந்ததும் எல்.கே. அத்வானி மக்களவைப் பதவியை விட்டார்; வழக்கிலிருந்து விடுபடும்வரை தேர்தலில் நிற்கமாட்டேன் என்றும் சொல்லி அப்படியே செய்தார். 1999 ஆகஸ்டில் கைசால் ரயில் மோதலுக்குப் பிறகு நிதீஷ் குமார் ரயில்வே அமைச்சர் பதவியை விட்டார். 2001இல் அதே துறைக்குத் திரும்பினார். இதற்கிடையே அளவுகோல் மெல்ல மாறியது. தார்மீகப் பொறுப்பு என்று பேசியது போய், நீதிமன்றம் தண்டித்துவிட்டதா என்று கேட்பது வந்தது. குற்றம் நிரூபணமாகும்வரை நிரபராதி என்பது சிறைக்கு அனுப்புவதற்கு முன் கேட்க வேண்டிய விதி. அதை அமைச்சர் நாற்காலிக்கும் பொருத்திவிட்டார்கள்.

2013இல் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இரண்டாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்ற உறுப்பினர் உடனே பதவி இழப்பார் என்றது. மறு ஆண்டு செப்டம்பரில் ஜெயலலிதா அதன்படி முதலமைச்சர் பதவியை இழந்தார். அது தீர்ப்பால் நடந்தது. மனோஜ் நருலா வழக்கில் 2014 ஆகஸ்டில், கடும் குற்றச்சாட்டு பதிவானவர்களை அமைச்சராக்கக் கூடாது என்று எதிர்பார்க்கிறோம், ஆனால் அந்த முடிவைப் பிரதமரிடமும் முதலமைச்சரிடமும் விட்டுவிடுகிறோம் என்றது அரசமைப்பு அமர்வு. விட்டதன் பலனைப் பார்த்தோம். 2023 ஜூனில் கைதான செந்தில் பாலாஜி 2024 பிப்ரவரி வரை இலாகா இல்லாத அமைச்சராகச் சிறையில் இருந்தார். ஜாமீன் கிடைத்த சில நாளிலேயே மீண்டும் அமைச்சரானார். பதவி வேண்டுமா, சுதந்திரம் வேண்டுமா என்று உச்ச நீதிமன்றம் கேட்டபிறகு 2025 ஏப்ரலில் விலகினார். டெல்லி முதலமைச்சராக இருந்த கேஜ்ரிவால் சிறையிலிருந்தபடியே பல மாதம் பதவியில் நீடித்தார்.

இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவது 130ஆவது அரசமைப்புத் திருத்த மசோதா. 2025 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமாகி, கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. ஐந்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை தரக்கூடிய குற்றத்துக்காகத் தொடர்ந்து 30 நாள் காவலில் இருக்கும் பிரதமர், முதலமைச்சர், அமைச்சர் யாராயினும் பதவி இழப்பார்கள் என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பணமோசடித் தடுப்புச் சட்டத்தில் ஜாமீன் கிடைப்பது எவ்வளவு கடினம் என்று தெரிந்தவர்களுக்கு 30 நாளின் கணக்கும் தெரியும். யாரைக் கைது செய்வது என்று முடிவெடுக்கும் அதிகாரி, யார் அமைச்சராக இருப்பது என்பதையும் முடிவெடுத்துவிடுவார். மத்திய ஏஜென்சிகளின் சாவி யார் கையில் இருக்கிறது என்பது எல்லா மாநிலக் கட்சிகளுக்கும் அனுபவப் பாடம். பேருக்காவது மரபு இருந்தவரை இத்தகைய சட்டம் தேவைப்படவில்லை. மரபை அழித்தவர்களில் இதை எதிர்ப்பவர்களும் உண்டு, ஆதரிப்பவர்களும் உண்டு.

இதைவிட நல்ல யோசனை 1964லேயே மேசையில் இருந்தது. முன்னாள் ரயில்வே இணையமைச்சர் கே. சந்தானம் தலைமையிலான ஊழல் தடுப்புக் குழு, பத்து உறுப்பினர்கள் எழுத்தில் குற்றம் சாட்டினால் அமைச்சர் மீது சுயேச்சையான குழு விசாரித்தே ஆக வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதே குழுவின் பேச்சைக் கேட்டு அதிகாரிகளைக் கண்காணிக்க மத்திய கண்காணிப்பு ஆணையம் உடனே வந்தது. அமைச்சர்களைப் பற்றிய பகுதி கோப்பில் தங்கிவிட்டது. முதல் லோக்பால் நியமனமாக 2019 ஆயிற்று. தமிழ்நாட்டில் 1973இலேயே பொதுப்பணியில் இருப்பவர்களின் முறைகேடுகளை விசாரிக்க ஒரு சட்டம் வந்தது. 1977இல் அதை நீக்கிவிட்டார்கள்.

2018 மே 22, 23 தேதிகளில் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்பாளர்கள் மீது போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். போலீஸ் துறையைக் கையில் வைத்திருந்த முதலமைச்சர் பழனிசாமி, தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் அந்தக் கூற்றை ஏற்கவில்லை. உயர் அதிகாரிகள் அவருக்கு அவ்வப்போது தகவல் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது அதன் முடிவு. அந்த முடிவு ஒரு பக்கம் இருக்கட்டும். உண்மையிலேயே தெரியாது என்று வைத்துக்கொண்டாலும், சாக்ளா காலத்தில் அது வாதமாகவே எடுபட்டிருக்காது. தெரியாது என்பது இப்போது பதவியில் இருப்பவரின் உரிமையாகிவிட்டது.

2023 ஜூன் 2 அன்று சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவின் பாஹாநாகா பஜாரில் சரக்கு ரயிலில் மோதியது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் நாள்கணக்கில் அங்கேயே நின்று மீட்பு வேலையைப் பார்த்தார். அதில் குறை சொல்ல முடியாது. அடுத்த மாதம் சி.பி.ஐ. மூன்று ரயில்வே ஊழியர்களைக் கைது செய்தது. சிக்னல் இணைப்புகளில் 2018இல் நடந்த மாற்றத்திலேயே பிழை இருந்தது என்ற பாதுகாப்பு ஆணையரின் முடிவு, மாநிலங்களவையில் ஓர் எழுத்துப் பதிலாகச் சில வரிகளில் வந்தது. ஐந்தாண்டாக அந்தப் பிழை கண்ணில் படாமல் போனது எப்படி என்பதற்கு மூன்று ஊழியர்கள் எப்படிப் பதில் சொல்வார்கள்?

வைஷ்ணவ் விலகியிருக்க வேண்டுமா என்று கேட்டால், ராஜினாமாவா திறந்த விசாரணையா என்ற நிலை வந்தால் நான் விசாரணையைத்தான் எடுப்பேன். நிதீஷ் குமாரின் ராஜினாமாவால் ஒரு தண்டவாளமும் மாறவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு அமைக்கப்பட்ட நீதிபதி எச்.ஆர். கன்னா குழுவின் பரிந்துரையால் 2001இல் ரூ.17,000 கோடி பாதுகாப்பு நிதி வந்தது; பழைய தண்டவாளங்களும் பாலங்களும் சிக்னல்களும் மாறின. 2000-01இல் 473 ஆக இருந்த பெரிய விபத்துகள் 2023-24இல் 40 ஆகக் குறைந்ததில் அதற்குப் பங்கு உண்டு.

விசாரணை ஆணையச் சட்டத்தின்படி ஓர் ஆணையத்தின் அறிக்கை, எடுத்த நடவடிக்கைக் குறிப்போடு ஆறு மாதத்துக்குள் அவையில் வைக்கப்பட வேண்டும். ஆனால் ஆணையம் எத்தனை நாளில் அறிக்கை தர வேண்டும் என்பதற்கான கெடு நீட்டிக்க நீட்டிக்க நீளும். உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வையோ எம்.பி.யையோ அடுத்த முறை பார்க்கும்போது யார் ராஜினாமா செய்வார் என்று கேட்காதீர்கள். விசாரணை திறந்த அரங்கில் நடக்குமா, அமைச்சர் சாட்சிக் கூண்டுக்கு வருவாரா, அறிக்கை எந்தத் தேதியில் வரும் என்று கேளுங்கள். தூத்துக்குடி ஆணையம் நான்கு ஆண்டு எடுத்துக்கொண்டது. சாக்ளா எடுத்துக்கொண்டது 24 நாள்.